ஆறாம் ஆண்டுக்குப் பிறகு எங்கே? சுங்கை சிப்புட்டில் மூன்று குடும்பங்களின் பள்ளித் தேர்வு

மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தமிழ் வழியில் நடக்கும் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் படித்த பிள்ளை பதின்மூன்றாம் வயதில் மலாய் வழிக்குப் போயாக வேண்டும். கையில் பணம் இருந்தால் ஆங்கில வழிக்குப் போகலாம். அதனால் 'அரசாங்கப் பள்ளியா, தனியார் பள்ளியா' என்று இங்குள்ள பெற்றோர் கேட்கும்போது, கட்டணம், கட்டடம், பெயர் எல்லாவற்றுக்கும் முன்னால் மொழி வந்து நிற்கிறது.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், தோட்டங்களால் வளர்ந்த ஊர். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தனின் தொகுதியாக இருந்தது இது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் கூரையும் இழந்துகொண்டிருந்த தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டி, 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் அவர். 1954ல் இங்கே எழுந்த தமிழ்ப்பள்ளியான மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் நடக்கிறது. பால்மரம் என்னும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஊருக்குள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். பலருக்கு வேலை ஈப்போவை ஒட்டிய தொழிற்சாலைகளில். தேசிய இடைநிலைப்பள்ளிகள் ஊரிலேயே இருக்கின்றன. அனைத்துலகப் பள்ளி வேண்டுமென்றால் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, ஈப்போ பக்கம் போக வேண்டும்.

நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பெற்றோர் என்னிடம் கேட்டு வருவது வழக்கம். அப்படி வந்த மூன்று குடும்பங்களின் கதையை அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். ஊர் சிறியது; பெயர்களையும் பள்ளிகளையும் சொல்லவில்லை.

மூன்று பிள்ளைகளும் 2022ல் ஆறாம் ஆண்டில் இருந்தவர்கள். இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் பெரும்பகுதி கோவிட் காலத்தில் வீட்டிலேயே கழிந்தது. ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ல் ஒழிக்கப்பட்டுவிட்டது. முன்பெல்லாம் அந்தத் தேர்வு முடிவு வந்ததும் பிள்ளையின் மலாய் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு எழுத்தில் தெரிந்துவிடும். இப்போது வருவது பள்ளி மதிப்பீட்டு அறிக்கை. ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை அடைவுநிலை போட்டிருக்கும். பல பெற்றோர் அதைப் படித்துவிட்டு, "மூனுன்னா பாஸா, பெயிலா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் பிள்ளையின் நிலை அவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அந்த இடத்தைப் பயம் நிரப்பிக்கொண்டது.

முதல் குடும்பம்: தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பிய பையன்

அப்பா ஈப்போ அருகே ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அம்மா தனியார் கிளினிக்கில் வேலை செய்கிறார். இரண்டு பையன்கள். தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள்.

அப்பாவின் முடிவு அவருடைய சொந்தப் பள்ளிப் பருவத்திலிருந்து வந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர். மலாய் போதாது என்று புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வைத்தார்கள். அப்புறம் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்தில், மதிப்பெண் குறைந்தவர்களைப் போடும் கடைசி வகுப்பு. அந்த வகுப்பில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஆசிரியர் வராத பாடவேளைகள், கழிப்பறையில் அடிதடி, கும்பலில் சேரச் சொல்லி வந்த அழைப்பு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வைச் சுமாராக முடித்தவர். "நான் உக்காந்த பெஞ்சில என் மகன் உக்காரக் கூடாது டீச்சர்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அவர் பட்டது பொய்யில்லை. கும்பல் பயத்தை மிகை என்று தள்ளிவிடும் கல்வியாளர்களை எனக்குப் பிடிக்காது. எல்லாப் பள்ளியிலும் அப்படி இல்லை என்பது உண்மை. சில பள்ளிகளில் சில ஆண்டுகளில் அது இருந்தது என்பதும் உண்மை.

2023ல் பையனை ஆங்கில வழியில் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்னும் பிரிட்டிஷ் பாடத்திட்டம் நடத்தும் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார். முன்பு அனைத்துலகப் பள்ளிகளில் மலேசியப் பிள்ளைகள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு இருந்தது. 2012ல் அதை நீக்கிய பிறகு நடுத்தர வருமானக்காரர்களைக் குறிவைத்த பள்ளிகள் நிறைய வந்தன. ஆண்டுக்கு 20 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்பது இந்த வகைப் பள்ளிகளில் சாதாரணக் கட்டணம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 20,400. ஆக, ஒரு தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளம் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்துக்குத்தான் வரும். இந்த அப்பா அதைவிடக் கூடுதலாக வாங்கினார். ஆனால் அதில் பெரிய பங்கு ஓவர்டைம்.

பையன் நன்றாகத்தான் படித்தான். வகுப்பில் 20 பேருக்கும் குறைவு. ஆங்கிலம் சரளமாக வந்துவிட்டது, கூச்சம் போய்விட்டது. அந்தப் பள்ளி தன் வேலையைச் சரியாகச் செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தடுமாறியது வீட்டுக் கணக்கு. 2024 மே மாதம் இ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்தது. அப்பா அதிலிருந்து எடுத்து ஒரு தவணையைக் கட்டினார். அப்புறம் தொழிற்சாலையில் ஓவர்டைம் குறைந்தது. தம்பியும் அண்ணன் பள்ளிக்கே போக வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தான். அந்த ஆண்டு இறுதியில் பையனை நிறுத்திவிட்டார்கள். 2025ல் ஊரிலுள்ள தேசிய இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம்.

கதையின் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. முதலாம் படிவத்திலேயே மலாய் வழிக்குப் போன பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் தட்டுத் தடுமாறிப் பழகியிருந்தார்கள். இவனுக்கு வரலாறு, புவியியல், வடிவமைப்பும் தொழில்நுட்பமும், எல்லாமே ஒரே நேரத்தில் மலாயில் வந்து விழுந்தன. அறிவியல் தெரியும், ஆங்கிலத்தில் தெரியும். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டம் 2016 முதல் சில பள்ளிகளில் இருக்கிறது. இவனுக்குக் கிடைத்த பள்ளியில் இல்லை. சேர்க்கையின்போது வைத்த சோதனை மலாயில். முடிவு, கடைசி வகுப்பு. எந்த பெஞ்சுக்குப் பயந்து அப்பா அவ்வளவு பணம் செலவழித்தாரோ, மகன் அங்கேயே வந்து உட்கார்ந்தான். அதுவும் இரண்டு ஆண்டு தாமதமாக. அம்மா என்னிடம் சொன்னார்: "வீட்டுக்கு வந்தா ரூமுக்குள்ள போயிடுறான் டீச்சர். எங்கக்கிட்ட கோபமா, அவன்மேலயே கோபமான்னு தெரியல."

இப்போது நான்காம் படிவம். எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறியே ஆக வேண்டும். வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடமானது 2013 முதல். இந்த இரண்டுக்கும் வாரத்தில் நான்கு நாள் டியூஷன் போகிறான். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் வகுப்பில் முதலாவதாக வருகிறான். படிவம் நான்கில் வகுப்பு மாற்றிக் கொடுத்தார்கள்; அதற்கு அவனுடைய கணித ஆசிரியர் நேரில் போய்ப் பேசியது முக்கியக் காரணம்.

அந்தத் தனியார் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் யாரும் கேட்காத கேள்விகள் இரண்டு. ஐந்தாண்டுக் கட்டணம் ஓவர்டைம் இல்லாமலும் நிற்குமா? படிப்பு முடியும்போது கையில் என்ன சான்றிதழ் இருக்கும்? இரண்டாவது கேள்வியைப் பெற்றோர் அநேகமாகக் கேட்பதே இல்லை. ஐ.ஜி.சி.எஸ்.இ. நல்ல தேர்வு, வெளிநாட்டுக்கும் தனியார் கல்லூரிக்கும் அது போதும். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், அப்புறம் ஆசிரியர் பயிற்சிக் கழகம், பாலிடெக்னிக், அரசாங்க வேலை என்று கட்டணம் குறைந்த கதவுகள் எல்லாவற்றுக்கும் எஸ்.பி.எம். வேண்டும். தனியார் கல்லூரிக்கே போனாலும், எஸ்.பி.எம். மலாயில் கிரெடிட் இல்லாதவர் அங்கே தேசிய மொழிப் பாடம் ஒன்றைத் தனியாக எடுத்துத் தேற வேண்டும். ஐந்து ஆண்டு கட்டணம் கட்டி முடித்த குடும்பம், அடுத்து மறுபடியும் கட்டணம் கட்டும் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், அதை முதல் நாளே தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். தனியார் பள்ளியில் படித்துக்கொண்டே எஸ்.பி.எம். மலாயையும் வரலாற்றையும் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம். எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது குடும்பம்: புகுமுக வகுப்பில் ஓராண்டு

இந்த அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். கணவர் இல்லை. ஒரே மகள், பாட்டி கூட இருக்கிறார். தனியார் பள்ளி என்ற பேச்சே எழவில்லை. 'இவங்களுக்குத் தேர்வு செய்ய என்ன இருக்கு' என்று ஊரில் பலரும் நினைப்பார்கள். நான் பார்த்தவரை, மூன்று குடும்பங்களில் அதிகம் விசாரித்துத் தேர்ந்தெடுத்தவர் இவர்தான்.

முதலாம் படிவத்துக்கு எந்தத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போவது என்பதைக் கல்வி இலாகா ஒதுக்கும். மாற்றம் வேண்டுமென்றால் மேல்முறையீடு செய்யலாம். மகளுக்குக் கிடைத்தது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி. அம்மா நேரில் போய்க் கேட்டார்: தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா, தமிழ் வகுப்பு பாட அட்டவணைக்குள் நடக்கிறதா, பிள்ளைக்கு மலாய் வரவில்லை என்றால் யார் பார்ப்பார்கள்? முதல் இரண்டுக்கும் இல்லை என்று பதில். கொஞ்சம் தள்ளி இருந்த இன்னொரு பள்ளியில் தமிழ் ஆசிரியர் இருந்தார். தமிழ்ப் பிள்ளைகளும் கூடுதல். மேல்முறையீட்டுக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இடம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: மலாய் அடைவுநிலை போதாது, புகுமுக வகுப்பில் ஓராண்டு.

அம்மா உடைந்துபோனார். "ஒரு வருஷம் வீணா போகுதே. மத்த பிள்ளைங்க கேலி பண்ணாதா?" பாட்டிக்கு வேறு பார்வை: "படிக்கிற பிள்ளைக்கு ஒரு வருஷம் என்ன? போகட்டும்மா."

புகுமுக வகுப்பைப் பற்றி எனக்கு இரண்டு மனது உண்டு. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் மலாயைக் கெட்டிப்படுத்திக்கொள்ள ஓராண்டு கொடுப்பது அடிப்படையில் நல்ல ஏற்பாடு. நடக்கும் விதம்தான் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. தேர்வு இல்லாத வகுப்பு என்பதால் சில பள்ளிகளில் மாற்று ஆசிரியர்களை வைத்தே ஆண்டை ஓட்டிவிடுவார்கள். பிள்ளைகள் திடலிலேயே இருப்பார்கள். வேறு சில பள்ளிகளில் அக்கறையுள்ள ஒருவர் பொறுப்பில் இருந்தால் அந்த ஓராண்டு பிள்ளையின் வாழ்க்கையையே திருப்பிவிடும். இந்தப் பெண்ணுக்கு முதல் நான்கு மாதம் முன்னதுதான் நடந்தது. அம்மா கோபத்தோடு போய்ப் பேசினார், பலன் இல்லை. ஆண்டின் நடுவில் ஒரு மலாய் ஆசிரியை மாற்றலாகி வந்து அந்த வகுப்பைப் பொறுப்பேற்றார். தினமும் ஒரு பத்தி எழுத வைத்தார். எழுதியதைச் சத்தமாக வாசிக்க வைத்தார். அறிவியல், கணிதச் சொற்களைத் தமிழிலும் மலாயிலும் அருகருகே எழுதி வைக்கும் ஒரு நோட்டைத் தமிழ் ஆசிரியர் தொடங்கி வைத்தார். வருட முடிவில் அந்தப் பெண் தன் தோழிகளோடு மலாயில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை.

இப்போது அவள் மூன்றாம் படிவம். முதல் குடும்பத்துப் பையனோடு ஒரே ஆண்டில் ஆறாம் ஆண்டு முடித்தவள். அவன் நான்காம் படிவம். உறவுக்காரர்கள் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அது அம்மாவுக்கு இன்னும் உறுத்துகிறது. வகுப்பில் அவள் முன்வரிசை மாணவியும் இல்லை; கணிதம் இழுக்கிறது. உவாசா என்னும் ஆண்டிறுதித் தேர்வில் மலாய், வரலாறு, தமிழ் மூன்றும் நன்றாக வந்தன. பள்ளி கேடட் அணியில் இருக்கிறாள். இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் மதிப்பெண் 90 விழுக்காடு, புறப்பாடம் 10 விழுக்காடு. சீருடை இயக்கமோ விளையாட்டுத் திடலோ இல்லாமல் கடைவீட்டு மாடியில் நடக்கும் சிறு கற்றல் மையங்களில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் இந்தப் பத்தைப் பற்றி யோசிப்பதே கிடையாது.

அரசாங்கப் பள்ளி இலவசம் என்று சொல்லிவிட்டுப் போவதும் சரியில்லை. பாடநூல் இரவலாகக் கிடைக்கிறது. 2023 முதல் வருமானம் பார்க்காமல் ஒவ்வொரு மாணவருக்கும் 150 வெள்ளி தொடக்க உதவி வருகிறது. ஆனால் வேன் கட்டணம், பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடை, சீருடை, டியூஷன் எல்லாம் சேர்ந்தால் சிற்றுண்டிச்சாலைச் சம்பளத்தில் அது பெரிய தொகைதான். டியூஷனுக்காக இந்த அம்மா சனிக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் சமையல் உதவிக்குப் போகிறார். தனியார் பள்ளிக் குடும்பம் செய்த தியாகத்தைப் பற்றி ஊர் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மூன்றாவது குடும்பம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா சொந்தமாக லாரி ஓட்டுகிறார். தொழில் முழுவதும் சீன வியாபாரிகளோடு. பையனை முதலிலிருந்தே சீனத் தொடக்கப்பள்ளியில் போட்டார். ஆறாம் ஆண்டு முடிந்ததும் ஈப்போவில் ஒரு தனியார் சீன இடைநிலைப்பள்ளி. நாட்டில் இப்படிப்பட்ட பள்ளிகள் சுமார் 60 இருக்கின்றன. மாண்டரின் வழி, ஆறாண்டுப் படிப்பு, முடிவில் இந்தப் பள்ளிகளுக்கான பொதுத் தேர்வு யூ.இ.சி. கட்டணம் அனைத்துலகப் பள்ளியைவிட மிகக் குறைவு. யூ.இ.சி. சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் நுழைய முடியாததால், சேரும் முன்பே அவர் கேட்ட ஒரே கேள்வி, "எஸ்.பி.எம். எழுத வைப்பீங்களா?" வைப்பார்கள் என்று தெரிந்த பிறகுதான் சேர்த்தார். பையன் நன்றாகப் போகிறான். தமிழ் பேசுவான், எழுதப் படிக்கத் தெரியாது. அது இழப்புதான் என்று அப்பாவே சொல்கிறார். தெரிந்து எடுத்த முடிவு என்பதால் அவரிடம் குழப்பம் இல்லை.

என் கருத்து

தோட்டப் பட்டணத்தில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு, அக்கறையோடு தேர்ந்தெடுத்த ஒரு தேசிய இடைநிலைப்பள்ளிதான் பொருத்தமானது என்று நான் நினைக்கிறேன். அக்கறையோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிடைத்த இடத்தில் விட்டுவிட்டு வந்தால், முதல் குடும்பத்து அப்பா பயந்ததெல்லாம் நடக்கக்கூடும். தனியார் பள்ளிக்குப் போவதென்றால் கடைசிவரை போக வேண்டும். பாதியில் திரும்புவதைவிட அந்தப் பக்கம் போகாமலே இருப்பது பிள்ளைக்கு நல்லது. இரண்டு ஆண்டு ஆங்கில வழியும் மூன்று ஆண்டு மலாய் வழியும் படித்த பிள்ளைக்கு இரண்டு பக்கத்துப் பலனும் முழுசாகக் கிடைப்பதில்லை.

எஸ்.பி.எம். தேர்வின் மதிப்பும் கூடியிருக்கிறது. 2024ல் 10ஏ, அதாவது பத்துப் பாடத்தில் ஏ, பெறும் எல்லா மாணவருக்கும் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் 10ஏ எடுக்கப் போவதில்லை. எடுக்கக்கூடிய பிள்ளை அந்தத் தேர்வு அறையிலேயே இல்லாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று. ஆறாம் ஆண்டு இறுதியில் ஆலோசனை சொல்வது மிகவும் தாமதம். மலாய் அடைவுநிலை போதாது என்று அப்போது தெரிந்து என்ன செய்வது? ஐந்தாம் ஆண்டுப் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளையை மலாயில் ஒரு பக்கம் வாசிக்க வைத்துக் காட்டினாலே போதும். ஓராண்டு அவகாசம் கிடைக்கும். இதைத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொன்னேன். ஏற்றுக்கொண்டு, இந்த ஆண்டு முதல் நடத்துகிறார்கள்.

முதல் குடும்பத்தின் இளைய மகன் இப்போது ஆறாம் ஆண்டு. இந்தமுறை அப்பா கட்டணப் பட்டியல் எதையும் கொண்டுவரவில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியையே எடுக்கலாமா, ஆனால் அங்கே தமிழ் இல்லையே என்றுதான் கேட்டார். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சட்டம் இருந்தாலும் ஆசிரியர் பணியிடத்துக்காக அலைய வேண்டியிருக்கும். சனிக்கிழமை வகுப்பாகக்கூடத் தொடங்கலாம். ஆனால் 15 கையெழுத்து இல்லாமல் பேச்சையே ஆரம்பிக்க முடியாது. அவரே ஒரு பாரம் தயாரித்து வீடு வீடாகப் போகிறார். இதுவரை 11 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது குடும்பத்து அம்மா, தன் மகள் வேறு பள்ளியில் படித்தாலும், சிற்றுண்டிச்சாலைக்கு வரும் பெற்றோரிடம் பேசி மீதி 4 பேரைப் பிடித்துத் தருகிறேன் என்று பாரத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்.